கைகூப்பும் மூட்டு

சென்ற ஆடி மாதத்துப் பிரதோஷ தினம். நந்தியெம்பெருமானுக்கு அபிஷேகம் நிறைவுற்று, பாலும் இளநீரும் எண்ணெய்க் காப்பும் கலந்த நீர் பிராகாரத்துக் கல்தரையில் பரவிக் கிடந்தது. சுவாமி ரிஷப வாகனத்தில் புறப்பாடு கண்டருளினார். கூட்டம் பின்தொடர்ந்தது. அந்த நேரத்தில் அந்தத் தரை எப்படியிருக்கும் என்பதை வாசக அன்பர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. நாம் எல்லோரும் அதன்மேல் விரல்நுனியை ஊன்றி ஊன்றி நடந்தவர்கள்தாம்.

என் மனைவி வழுக்கி விழுந்தாள். இடக்கையில் அர்ச்சனைத் தட்டு. தேங்காயும் பழமும் விபூதிப் பிரசாதமும் இருந்த அந்தத் தட்டை அவள் விடவில்லை. விழும் உடலைத் தாங்க வலக்கை ஒன்றே முன்னால் நீண்டது. உள்ளங்கை கல்லில் பதிந்தது. உடலின் பாரம் முழுவதும் அந்த ஒரு மணிக்கட்டின்மேல் இறங்கியது. தட்டிலிருந்த விபூதி கூடச் சிந்தவில்லை என்று அருகிலிருந்த ஓர் அம்மையார் வியந்து கூறினார்.

நான் செய்த தவறு அதற்குப் பிறகு. கொடிமரத்தருகே அவளை உட்காரவைத்து, "விரல்களை அசைத்துப் பார்" என்றேன். ஐந்து விரல்களையும் மெல்ல அசைத்தாள். "அப்படியானால் எலும்பு முறியவில்லை, சுளுக்குதான்" என்று தீர்ப்பளித்தேன். முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் பிறர் கணக்கில் பிழை கண்டுபிடித்தவன் அல்லவா, என் தீர்ப்பில் எனக்கு ஐயமே எழவில்லை. 'விரல் அசைந்தால் எலும்பு சரியாக இருக்கிறது' என்பது சிறு வயதில் எங்கள் தெருவில் கேட்ட வாசகம். அதை அறுபது ஆண்டுகள் சோதிக்காமலேயே நம்பி வந்திருக்கிறேன்.

ஐந்து நாட்கள் தைலம் தடவி நீவிவிட்டேன். வலியில் அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். "நீவினால்தான் வீக்கம் வடியும்" என்பேன். வீக்கம் வடியவில்லை. ஆறாம் நாள் மகள் தொலைபேசியில் அழைத்தபோது, "அம்மா, கையைக் காட்டு" என்று கேட்டுப் படத்தில் பார்த்தாள். "அப்பா, இன்றைக்கே எக்ஸ்ரே எடுங்கள்" என்ற அவள் குரலில் இருந்தது கோபமா அழுகையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

எக்ஸ்ரேயில் முறிவு தெளிவாகத் தெரிந்தது. முன்கையில் இரண்டு எலும்புகள் உண்டு. கட்டைவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா. மணிக்கட்டுக்குச் சற்று மேலே ரேடியஸ் முறிந்து, முறிந்த துண்டு புறங்கைப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. "விரல்கள் நன்றாக அசைந்தனவே, டாக்டர்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை; அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். "சார், உங்கள் இடக்கையால் வலது முன்கையை முழங்கைக்குக் கீழே பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது வலக்கை விரல்களை மடக்கி விரியுங்கள்" என்றார்.

வாசகர்களும் இதைப் படித்துக்கொண்டே செய்து பார்க்கலாம். விரல் மடங்கும்போது பிடித்திருக்கும் இடத்தில் தசை புரள்வது நன்றாகத் தெரியும். விரல்களை மடக்கி நீட்டும் பெருந்தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து கயிறுகள் போன்ற தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்நுனிவரை செல்கின்றன. தேரின் வடம் இழுப்பவர் தெருமுனையில் நிற்க, தேர் நடுத்தெருவில் அசைவது போன்ற ஏற்பாடு. ஆகவே இடையில் எலும்பு முறிந்திருந்தாலும் வடம் அறாதவரை விரல் அசையும். என் சோதனை வடத்தைச் சோதித்ததே தவிர எலும்பைச் சோதிக்கவில்லை.

அன்று முதல் இந்த மூட்டைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். குற்ற உணர்வுக்கு அது ஒரு வடிகாலாகவும் இருந்தது.

மணிக்கட்டு என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் எட்டுச் சிறு எலும்புகள், நான்கு நான்காக இரண்டு வரிசைகளில் அடுக்கப்பட்டுள்ளன. உடற்கூற்று நூலார் அவற்றுக்கு உருவத்தைப் பார்த்தே பெயரிட்டிருக்கிறார்கள். முதல் வரிசையில் படகு போன்றது ஒன்று, பிறை போன்றது ஒன்று, முக்கோணம் ஒன்று, பட்டாணி ஒன்று. இரண்டாம் வரிசையில் நாற்கோணமாக இரண்டு, உருண்ட தலையுடன் ஒன்று, கொக்கியுடன் ஒன்று. எல்லாவற்றிலும் பெரியது நடுவே இருக்கும் தலையெலும்பு. பட்டாணியை நாமே தொட்டுப் பார்க்கலாம். உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் பக்கம், சிறு முடிச்சு போல் கைக்குத் தட்டுப்படும். கையைத் தளர்த்தி முன்னால் சற்று மடக்கிக்கொண்டால் அதை இப்படியும் அப்படியும் நகர்த்தக் கூட முடியும். பிறையைச் சூடிய பெருமானை வணங்கும் கைகள் ஒவ்வொன்றிலும் ஒரு பிறை இருக்கிறது என்று படித்தபோது என் மனைவியிடம் ஓடிச்சென்று சொன்னேன். "அது முறியவில்லையே?" என்றுதான் கேட்டாள். முறியவில்லை.

இந்த எட்டும் பிறக்கும்போது எலும்பாக இருப்பதில்லை, குருத்தாகவே இருக்கின்றன. பிறந்த சில மாதங்களில் தலையெலும்பு முதலில் கெட்டிப்படும். பட்டாணிதான் கடைசி, அதற்குள் குழந்தைக்கு ஒன்பது, பத்து வயதாகிவிடும். இதைக் கொண்டே பிள்ளைகளின் எலும்பு வயதை மருத்துவர்கள் கணிக்கிறார்கள்.

முதல் வரிசையில் ஒரு விந்தை உண்டு. படகு, பிறை, முக்கோணம் ஆகிய மூன்றிலும் எந்தத் தசைநாணும் வந்து பற்றுவதில்லை. அவற்றை இழுப்பவர் எவருமில்லை. முன்னால் இருப்பது தள்ள, பின்னால் இருப்பது தடுக்க, இடையில் அவை அசைந்து கொடுக்கின்றன. வைகுண்ட ஏகாதசியன்று சொர்க்கவாசலில் நாம் நடப்பதில்லை, கூட்டம் நம்மை நடத்துகிறது அல்லவா, அதைப் போல. அவற்றைக் கட்டிவைத்திருப்பவை வலிய இணைப்பு நார்கள் மட்டுமே. இந்த ஏற்பாட்டினால்தான் மணிக்கட்டு இவ்வளவு நெகிழ்வாக இருக்கிறது.

எவ்வளவு நெகிழ்வு? உள்ளங்கைப் பக்கம் சுமார் 80 பாகை மடங்கும். புறங்கைப் பக்கம் சுமார் 70. பக்கவாட்டில் சுண்டுவிரலை நோக்கி 30 பாகை அளவுக்குச் சாயும். கட்டைவிரலை நோக்கி 20தான். ரேடியஸ் எலும்பின் முனை அந்தப் பக்கம் கீழே நீண்டு நின்று தடுப்பதே காரணம். கையைத் திருப்புவதோ மணிக்கட்டின் வேலையே அன்று. தீர்த்தம் வாங்க உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புகிறோம். மணிக்கட்டு திரும்புவதாக நினைக்கிறோம். உண்மையில் முழங்கையிலிருந்து கீழே ரேடியஸ் எலும்பு அல்னாவைச் சுற்றி உருண்டு, கையையும் தன்னோடு திருப்புகிறது. முன்கையை மேசைமேல் ஒருவர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, நீங்கள் உள்ளங்கையைத் திருப்ப முயன்று பாருங்கள், உண்மை விளங்கும்.

இன்னோர் அசைவு உண்டு. அதை மேல்நாட்டார் குறியம்பு எறிபவரின் அசைவு என்கிறார்கள். கை பின்பக்கமாகவும் கட்டைவிரல் பக்கமாகவும் சாய்ந்து, பிறகு முன்பக்கமாகவும் சுண்டுவிரல் பக்கமாகவும் இறங்கும் கோண அசைவு. இந்த அசைவு பெரும்பாலும் இரண்டு வரிசை எலும்புகளுக்கு இடையிலேயே நிகழ்கிறது. குறியம்பு விளையாட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் நாமாவளி ஒவ்வொன்றுக்கும் ஒரு மலராக இறைவன் திருவடியில் இடும் குருக்களின் கையைக் கவனியுங்கள், அதே அசைவுதான். லட்சார்ச்சனை நாளில் அது எத்தனை முறை என்று கணக்குப் பார்த்தால், அவர்கள் மணிக்கட்டுக்கு ஒரு நமஸ்காரம் செய்யத் தோன்றும்.

நம் சிற்பிகள் இந்த மூட்டை நன்கு அறிந்திருந்தார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் திருவாலங்காட்டு நடராஜப் பெருமானைத் தரிசித்தவர்கள் நினைவுகூரலாம். வலது முன்கை அபயம் காட்டி நிமிர்ந்திருக்கிறது. இடது முன்கை யானைத் துதிக்கை போல் மார்பைக் கடந்து, தூக்கிய திருவடியை நோக்கித் தாழ்ந்திருக்கிறது. ஒரு கையின் மணிக்கட்டு எழுந்தும் மற்றொன்றின் மணிக்கட்டு தளர்ந்தும் இருப்பதிலேயே அஞ்சாதே என்பதும் இங்கே பார் என்பதும் வந்துவிடுகின்றன.

முறிவுக்கு வருகிறேன். என் மனைவிக்கு நேர்ந்ததற்குக் காலீஸ் முறிவு என்று பெயர். அயர்லாந்தின் டப்ளின் நகரத்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலீஸ் 1814-இல் இதைப் பற்றி எழுதினார். அதுவரை மருத்துவர்களே இதைப் பெரும்பாலும் மணிக்கட்டு நழுவியதாகக் கருதிவந்தனராம். எக்ஸ்ரே என்ற ஒன்று வருவதற்கு 81 ஆண்டுகளுக்கு முன்பு, தொட்டுப் பார்த்தே அவர் இதை எலும்பு முறிவு என்று கண்டறிந்திருக்கிறார். 1895 டிசம்பரில் ஜெர்மனியில் ராண்ட்கன் எடுத்த புகழ்பெற்ற முதல் எக்ஸ்ரே படம் எதுவென்று நினைக்கிறீர்கள்? அவர் மனைவியின் கை. விரல் எலும்புகளும் மோதிரமும் தெரியும் அந்தப் படத்தை ஒரு நூலில் பார்த்துவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன். அவர் தம் மனைவியின் கையைப் பார்த்தார். நான் என் மனைவியின் கையை நீவிக்கொண்டிருந்தேன்.

நம் வயதில், அதிலும் பெண்களுக்கு, இது மிகுதியாக நேர்கிறது. மாதவிலக்கு நின்றபின் எலும்பைக் காத்துவந்த சுரப்பு குறைந்துவிடுவதால் எலும்பு உள்ளே மெலிகிறது. வெளியே ஓர் அடையாளமும் தெரியாது. பலருக்கு முதல் அடையாளமே விழுந்து மணிக்கட்டு முறிவதுதான். அன்று கட்டுப்போட்டுக்கொண்டு வீடு திரும்பிவிட்டால் போதாது. எலும்பின் அடர்த்தியைச் சோதித்து மருந்து எடுத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த வீழ்ச்சியில் இடுப்பெலும்பு முறியும் அபாயம் உண்டு என்று எங்கள் மருத்துவர் கூறினார். என் மனைவிக்குச் சோதித்ததில் மெலிவு இருந்தது. இப்போது மருந்து நடக்கிறது.

பேரப்பிள்ளைகளுக்கு வேறொரு முறிவு. கட்டைவிரலை நன்றாக விரித்து நீட்டினால் அதன் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில், ஒரு சிறு குழி தோன்றும். ஆங்கில மருத்துவத்தில் அதற்குப் பெயரே மூக்குப்பொடிக் குழி! நம் பெரியவர்கள் பொடி போட்ட நாளில் இந்தப் பெயரை உடனே புரிந்துகொண்டிருப்பார்கள். அந்தக் குழியின் அடியில் இருப்பது படகு எலும்பு. இளைஞர்கள் வண்டியிலிருந்தோ விளையாட்டிலோ கையூன்றி விழுந்து, அந்தக் குழியை அழுத்தினால் வலித்தால், முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும் அலட்சியம் செய்யலாகாது. படகு எலும்பின் மெல்லிய முறிவு சில சமயம் பத்துப் பதினைந்து நாள் கழித்தே படத்தில் புலப்படும். அந்த எலும்புக்கு இரத்தம் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் பாய்கிறது. நடுவில் முறிந்தால் பின்பாதி பட்டினி கிடந்து சேராமலே போய்விடக்கூடும்.

மறுபடி எங்கள் கதை. மயக்க மருந்து கொடுத்து எலும்பை நேராக்கி மாவுக்கட்டுப் போட வேண்டும் என்றார்கள். அதற்கு முன் வளையல்களை எடுக்க வேண்டும். வீக்கத்தில் அவை சதைக்குள் அழுந்தி நின்றன. சோப்பு, எண்ணெய் எதற்கும் அசையவில்லை. திருமணத்தில் என் மாமியார் போட்ட இரண்டு பொன் வளையல்களையும் செவிலியர் சிறு கருவியால் அறுத்தார். முறிந்த எலும்புக்கு அழாதவள் அதற்கு அழுதாள். விழுந்த அன்றே, கோயிலிலேயே, நான் கழற்றியிருந்தால் வழுக்கிக்கொண்டு வந்திருக்கும். கையில் அடிபட்டால் வளையலையும் மோதிரத்தையும் அந்த நிமிடமே கழற்றுங்கள். நாள் கிழமை, சுமங்கலி, சகுனம் என்று தயங்காதீர்கள். அறுப்பதைவிடக் கழற்றுவது எவ்வளவோ மேல்.

கட்டு ஆறு வாரம் இருந்தது. அந்த நாட்களில் விரல்களையும் முழங்கையையும் தோளையும் அசைத்துக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். இல்லாவிட்டால் அவையும் இறுகிவிடும். அவள் தினமும் அம்பாள் சன்னிதிக்கு இரண்டு முழம் பூத் தொடுத்துக் கொடுப்பவள். அது நின்றது. நான் தொடுத்துப் பார்த்தேன். குருக்கள் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். சார்த்துவதற்குள் பாதி உதிர்ந்துவிட்டது. குடும்ப ஓய்வூதியக் கணக்கு ஒன்றுக்காக அவள் ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. இடக்கையால் கோணலாக இட்டாள். கவுன்டரில் இருந்த இளைஞர், "கையெழுத்து மாறியிருக்கிறதே" என்றார். நான் பணியிலிருந்த காலத்தில் எத்தனை முதியவர்களிடம் இதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறேன்! ஏன் மாறியது என்று ஒருவரிடமாவது கேட்டேனா என்று நினைத்துப் பார்த்தேன்.

கட்டைப் பிரித்த அன்று மாலை விளக்கேற்றிவிட்டுப் பூஜையறையில் கைகூப்பினாள். கூப்ப முடியவில்லை. இடது உள்ளங்கை நிமிர்ந்து நின்றது. வலது உள்ளங்கை அதனோடு பொருந்த மறுத்து விலகிச் சரிந்தது. அதுவரை எனக்குத் தோன்றாத உண்மை அப்போது கண்முன் நின்றது. மார்புக்கு நேரே உள்ளங்கைகள் பொருந்த வேண்டுமானால் இரண்டு மணிக்கட்டுகளும் புறங்கைப் பக்கமாக நன்றாக வளைய வேண்டும். அந்த வளைவைத்தான் அவள் இழந்திருந்தாள். வலக்கையைத் தொங்கவிட்டு இடக்கையை மட்டும் மார்பில் வைத்துக்கொண்டு கண்மூடி நின்றாள். நான் அறையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

பிசியோதெரபி நிலையத்தில் ஓர் இளம்பெண். என் மனைவியின் கையைப் பார்த்துவிட்டு, "அம்மா, தலைக்குமேல் கைகூப்புங்கள்" என்றாள். இவள் தயங்கித் தூக்கினாள். உள்ளங்கைகள் பொருந்தின! கைகளை நீட்டித் தலைக்குமேல் உயர்த்திக் கும்பிடும்போது மணிக்கட்டு அநேகமாக நேராகவே இருக்கிறது. வளைய வேண்டிய அவசியம் குறைவு. "இப்போது உள்ளங்கை பிரியாமல் மெதுவாகக் கீழே இறக்குங்கள். எங்கே வலிக்கிறதோ அங்கே நிறுத்தி, பத்து எண்ணுங்கள்." நெற்றிக்குச் சற்று மேலே நின்றது. அதுதான் பயிற்சி. நாள்தோறும் மூன்று வேளை. வெந்நீரில் கையை வைத்து எடுத்தபின் செய்தால் எளிதாக இருந்தது. பத்து எண்ணுவதற்குப் பதில் அவள் பஞ்சாட்சரத்தை இரண்டு முறை நிதானமாகச் சொல்லிக்கொண்டாள்.

புரட்டாசியில் கைகள் புருவம் வரை இறங்கின. ஐப்பசி அன்னாபிஷேகத்தன்று மோவாய். இடையில் இரண்டு வாரம் ஒரு விரற்கடை கூட முன்னேறவில்லை. "இவ்வளவுதான் போலிருக்கிறது" என்றாள். அந்தப் பெண் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாள், பயிற்சியை மட்டும் நிறுத்தவிடவில்லை.

அவளிடமே நமஸ்காரத்தைப் பற்றியும் கேட்டேன். தரையில் வணங்கி எழும்போது நாம் விரித்த உள்ளங்கையை ஊன்றி எழுகிறோம். மணிக்கட்டு முற்றிலும் வளைந்த நிலையில் உடல் பாரம் ஏறுகிறது. முட்டியை மடக்கி ஊன்றினால் மணிக்கட்டு நேராக நிற்கும் என்றாள். எழுவதற்கு ஒரு தூணோ துணையின் தோளோ இருந்தால் இன்னும் நல்லது. அபிஷேகம் முடிந்த தரையில் அவசரமாக வலம்வர வேண்டியதில்லை என்று நானாகச் சேர்த்துக்கொள்கிறேன். சுவாமி மூன்று சுற்று வருகிறார். நாம் ஒரு சுற்று நின்ற இடத்திலிருந்து சேவித்தால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மார்கழித் திருவாதிரையன்று அதிகாலை ஆருத்ரா தரிசனத்துக்குச் சென்றோம். தீபாராதனையின்போது கைகளைத் தலைக்குமேல் உயர்த்தினாள். வழக்கம்போல் மெல்ல இறக்கினாள். மார்பருகே வந்து நின்றன. வலது மணிக்கட்டு இன்னும் சற்றே சாய்ந்திருக்கிறது. உற்றுப் பார்த்தால் தெரியும். அர்ச்சனைத் தட்டு என் கையில் இருந்தது. திரும்பும்போது அதை வாங்கிக்கொள்ள அவள் கைநீட்டினாள். நான் கொடுக்கவில்லை.